நூல் படிக்கப் போனவர் படம் எடுக்க வந்தார்!
சேலத்தில் சினிமா நகரம் கண்ட டி.ஆர்.சுந்தரத்தின் வாழ்க்கைக் கதை

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் - இந்த வட்டாரத்தில் நூலைத் தொடாத குடும்பம் குறைவு. ஒரு வீட்டில் தறி இருக்கும். இன்னொரு வீட்டில் பனியன் தைப்பார்கள். அடுத்த வீட்டுக்காரர் மில்லுக்குப் போவார். அதற்கும் அடுத்த வீட்டுக்காரர் நூல் வாங்கி விற்பார்.

அப்படி நூல் வாங்கி விற்ற ஒரு பெரிய வீட்டில் பிறந்தவர்தான் டி.ஆர்.சுந்தரம். நெசவுத் தொழிலைக் கரைத்துக் குடித்து வருவதற்காக அவரைச் சீமைக்கு அனுப்பினார்கள். அவர் படித்தார், பட்டமும் பெற்றார். ஆனால் திரும்பி வந்ததும் கட்டியது மில் அல்ல, சினிமா ஸ்டூடியோ!

அந்த ஸ்டூடியோவின் பெயர் மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழ் பேசும் மக்களில் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் அந்தக் காலத்தில் இல்லை.

திருச்செங்கோட்டுப் பிள்ளை

சுந்தரம் 1907-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பிறந்தார். ஊர் திருச்செங்கோடு. செந்நிற மலையும், மலை மேல் அர்த்தநாரீசுவரர் கோவிலும் உள்ள ஊர். ஆண் பாதி, பெண் பாதியாகச் சிவன் நிற்கும் தலம்.

தந்தை ராமலிங்க முதலியார். செங்குந்தர் குலத்தைச் சேர்ந்தவர். ஜவுளி, நூல் வியாபாரத்தில் நல்ல பெயர் எடுத்தவர். வீட்டில் பணத்துக்குக் குறைவு இல்லை. வண்டி வண்டியாக நூல் வரும், போகும். சிறுவன் சுந்தரம் நூல் மூட்டைகளின் நடுவிலேதான் வளர்ந்தான்.

அந்த நாளில் இந்த வட்டாரம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. கோவையில் 1888-ம் ஆண்டிலேயே ஸ்டேன்ஸ் துரை நூல் ஆலை வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக மில்கள் கிளம்பின. 1920-களில் திருப்பூரில் பனியன் பின்னும் தொழில் தலை காட்டியது.

இன்னொரு பக்கம், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் என்ற ஊரில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கே கையால் நூற்றார்கள், கதர் நெய்தார்கள்.

ஒரே வட்டாரத்தில் ராட்டையும் சுற்றியது, எந்திரமும் சுற்றியது. ராமலிங்க முதலியார் வீட்டார் எந்திரத்தின் பக்கம் பார்த்தார்கள். படித்த பிள்ளை ஒருவன் சீமைக்குப் போய் அந்த வித்தையைக் கற்று வந்தால், குடும்பத் தொழில் இன்னும் ஒரு படி உயரும் அல்லவா? அதனால் சென்னையில் படிப்பை முடித்த சுந்தரத்தைக் கப்பல் ஏற்றினார்கள்.

லீட்ஸ் நகரம்

அவர் போய்ச் சேர்ந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ். அது கம்பளித் துணிக்குப் பேர் போன நகரம். எங்கு பார்த்தாலும் ஆலைப் புகைபோக்கிகள். அங்கே உள்ள சர்வகலாசாலையில் ஜவுளிப் படிப்புக்கென்றே தனிப் பகுதி இருந்தது.

பஞ்சைச் சுத்தம் செய்வது, சிக்கெடுப்பது, இழையாக இழுப்பது, முறுக்கேற்றுவது, பாவு ஓட்டுவது, சாயம் தோய்ப்பது - எல்லாவற்றுக்கும் அங்கே பாடம் உண்டு. மில் படிப்பில் முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. ஓர் எந்திரம் நின்றால் அதற்கு அடுத்த எந்திரமும் நிற்கும். அதனால் ஒவ்வொன்றும் நேரத்துக்கு ஓட வேண்டும். சுந்தரம் அதை நன்றாகக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவருடைய நடிகர்களும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று!

லீட்ஸ் நகரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1888-ம் ஆண்டில் லூயி லெ பிரின்ஸ் என்பவர் அந்த நகரத்துத் தோட்டம் ஒன்றில் சிலர் நடப்பதை அசையும் படமாகப் பிடித்தார். உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் சினிமாச் சுருள்களில் அதுதான் மிகப் பழையது. கோவையில் முதல் மில் வந்த அதே ஆண்டு!

பேசும் படம் 1927-ல் அமெரிக்காவில் பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் அது இங்கிலாந்தை ஓர் ஆட்டம் ஆட்டி வைத்தது. சுந்தரம் சீமையில் இருந்தது அந்தக் காலத்தில்தான்.

சுந்தரம் பட்டத்தோடு ஊர் திரும்பினார். கூடவே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டார். சாதி விட்டுச் சாதி கட்டினாலே ஊர் இரண்டு படும் காலம் அது. இவர் கடல் தாண்டிக் கட்டியிருந்தார்.

முதல் படத்திலேயே சேலை

தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்" 1931-ல் வந்தது. அதை எடுத்தது பம்பாயில். அதற்குப் பிறகும் சில ஆண்டுகளுக்குத் தமிழ்ப் படம் என்றால் பம்பாய், கல்கத்தா என்று ரெயில் ஏற வேண்டும். நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சமையல்காரர் எல்லோரும் மூட்டை முடிச்சோடு புறப்படுவார்கள். வடநாட்டு டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. நம் நடிகருக்கு அவர் பேச்சுப் புரியாது. எப்படியோ படம் முடியும்.

அந்தச் சமயத்தில் சேலத்தில் வேலாயுதம் பிள்ளை என்பவர் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியை நடத்திவந்தார். சுந்தரம் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். 1934-ல் அந்தக் கம்பெனியின் "திரௌபதி வஸ்திராபகரணம்" வெளிவந்தது. துச்சாதனன் இழுக்க இழுக்கச் சேலை வளர்ந்துகொண்டே போகும் கதை. நூல் வியாபாரி வீட்டுப் பிள்ளை சினிமாவுக்கு வந்ததும் கைவைத்த கதை இது. வேறு எதைச் சொல்ல!

அடுத்து "நல்லதங்காள்" போன்ற படங்கள் வந்தன. பணமும் வந்தது. ஆனால் சுந்தரத்துக்குத் திருப்தி இல்லை. தறி ஓர் ஊரில், பாவு ஓர் ஊரில், சாயப்பட்டறை இன்னோர் ஊரில் என்றால் எவன் வியாபாரம் செய்ய முடியும்? படம் எடுக்கும் வேலை முழுவதும் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

ஏற்காடு ரோட்டில் ஒரு நகரம்

சென்னையில் ஸ்டூடியோ கட்டும்படி யோசனை சொல்ல ஆள் இருந்திருக்கும். சுந்தரம் சேலத்தை விட்டு நகரவில்லை. அந்த முடிவில் லாபக் கணக்கும் உண்டு. சேலம் ரெயில் சந்திப்பு. நிலம் மலிவு. ஏற்காடு மலை கூப்பிடு தூரம். காடு, பாறை, அருவி எது வேண்டுமானாலும் அரை நாளில் போய்ப் படம் பிடித்துத் திரும்பலாம்.

இன்னொரு லாபம் பெரியது. சென்னையில் ஒரு நடிகர் காலையில் ஒரு ஸ்டூடியோ, மாலையில் ஒரு ஸ்டூடியோ என்று ஓடுவார். சேலத்துக்கு வந்துவிட்டால் ஓட முடியாது. வேலை முடியும் வரை இங்கேதான் இருக்க வேண்டும்.

1930-களின் நடுவில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. படம் பிடிக்கும் தளங்கள், ஒலிப்பதிவு அறை, பிலிம் கழுவும் லாபரட்டரி, வெட்டி ஒட்டும் அறை, தச்சுப் பட்டறை, உடை தைக்கும் இடம் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் அமைந்தன. ஒரு பக்கம் கதை போனால் மறு பக்கம் படப்பெட்டி வர வேண்டும். பஞ்சு போட்டால் நூல் வருவதுபோல!

முதல் படம் "சதி அகல்யா". 1937-ல் வெளிவந்தது. இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி அகல்யாவாக நடித்தார்.

மலையாளத்துக்கு வாய் கொடுத்தவர்

அடுத்த ஆண்டில் நடந்ததுதான் அதிசயம். அதுவரை மலையாளத்தில் ஊமைப் படங்கள் மட்டுமே வந்திருந்தன. பேசும் படம் எடுக்கத் துணிந்த முதலாளி கிடைக்கவில்லை. மலையாளம் பேசும் ஜனத்தொகை சிறிது. போட்ட பணம் வருமா என்ற பயம்.

சுந்தரம் துணிந்தார். சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளாகும் இரண்டு பிள்ளைகளின் கதை. நொட்டாணி என்ற பார்சிக்காரர் டைரக்டர். முத்துக்குளம் ராகவன் பிள்ளை வசனமும் பாட்டும் எழுதினார். கே.கே.அரூரும் எம்.கே.கமலமும் நடித்தார்கள். "பாலன்" என்ற அந்தப் படம் 1938-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி வெளியாயிற்று.

மலையாள நாட்டின் முதல் பேசும் படம் பிறந்தது தமிழ்நாட்டில், சேலத்தில்! இந்த உண்மை கேரளத்தில் தெரிந்த அளவுக்குச் சேலத்தில் தெரியுமா என்பது சந்தேகம்.

ஒருவரே இருவர்

சுந்தரம் பட முதலாளி மட்டும் அல்ல, டைரக்டரும் அவரே. மற்றவர்களை வைத்தும் எடுப்பார். தாமே நின்றும் எடுப்பார். அவர் டைரக்ட் செய்த படங்கள் 50-ஐத் தொடும்.

1940-ல் வந்த "உத்தம புத்திரன்" அவர் பெயரை நாடெங்கும் கொண்டு போயிற்று. பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா எழுதிய இரும்பு முகமூடி மனிதனின் கதையைத் தழுவியது. இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் அரண்மனையில், ஒருவன் ஏழை வீட்டில். இரண்டு வேடத்திலும் பி.யு.சின்னப்பா. தமிழில் ஒரு நடிகர் இரட்டை வேடம் போட்ட முதல் படமாக அதைச் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள்? காமிரா கண்ணாடியின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடுவார்கள். நடிகர் ஒரு பக்கம் நின்று நடிப்பார். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறு பாதிக்கு மாற்றுவார்கள். நடிகர் வேறு உடை போட்டு அடுத்த பக்கம் வந்து நிற்பார். காமிரா ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழுந்துவிடும். நடிகரும் எதிரில் ஆள் இல்லாமலே ஆள் இருப்பதுபோலப் பார்த்துப் பேச வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தது. கொட்டகையில் இரண்டு சின்னப்பாக்கள் எதிரெதிரே நின்றபோது ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

1942-ல் "மனோன்மணி". பெ.சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட "மனோன்மணீயம்" என்ற நாடக நூலைப் படமாக்கினார். அந்த நூல் படித்தவர்கள் மட்டும் படித்தது. சின்னப்பாவையும் டி.ஆர்.ராஜகுமாரியையும் போட்டு, அதை எழுத்துத் தெரியாதவர்களும் பார்க்கும்படி செய்தார்.

ஜப்பான் தளபதி

இரண்டாம் உலகப்போர் முற்றியது. பிலிம் சுருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கப்பல் இல்லை. எந்தப் படமும் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. 18 ஆயிரம் அடி, 20 ஆயிரம் அடி என்று நீண்ட படங்கள் திடீரென்று குட்டையாகிவிட்டன. பாட்டுக் குறைந்தது. போர் முயற்சிக்கு உதவும் படம் எடுக்கும்படியும் பட முதலாளிகளுக்கு நெருக்கடி வந்தது.

சுந்தரம் "பர்மா ராணி" எடுத்தார். போர் முடிந்த ஆண்டான 1945-ல் அது வந்தது. ஜப்பான்காரர் பிடித்து வைத்திருந்த பர்மாவில் விமானத்திலிருந்து சிக்கிக்கொண்ட இந்திய வீரர்களின் கதை. பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பி வந்த தமிழர்கள் ஊர்தோறும் இருந்த நேரம். கதை புதிதாக இருந்தது.

படத்தில் ஜப்பானிய ராணுவத் தளபதியாக வந்தவர் யார்? சுந்தரமே! நல்ல உயரமும் கம்பீரமும் உள்ளவர். ராணுவ உடை அவருக்குப் பொருந்தியது. அடுத்து "சுலோசனா" படத்தில் இந்திரஜித்தாகவும் நடித்தார். வில்லன் வேடத்துக்கு ஆள் தேடாமல் முதலாளியே நின்றுவிட்டார் என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் சிரித்திருக்கலாம். அவர் எதிரில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

மணி அடித்தால் வேலை

சுந்தரத்தின் கண்டிப்பைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. அங்கே வேலை பார்த்த பலர் தங்கள் அனுபவங்களைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் முதலில் சொல்வது அவருடைய நேரத்தைத்தான். காலையில் குறித்த நேரத்துக்கு முதலாளி ஸ்டூடியோவில் இருப்பார். மற்றவர்களும் இருக்க வேண்டும். எழுத்தாளர், நடிகர், தச்சர், லைட் தூக்கும் பையன் எல்லோருக்கும் மாதச் சம்பளம். மாதம் பிறந்ததும் சம்பளம் கைக்கு வந்துவிடும். சினிமாத் தொழிலில் அந்தக் காலத்தில் இது பெரிய அதிசயம். பேசிய பணத்தில் பாதியைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பிய கலைஞர்கள் ஏராளம்.

படமும் கணக்குப்படி முடிய வேண்டும். ஆண்டுக்கு 3 அல்லது 4 படங்கள். ஒன்று கொட்டகையில் ஓடும். ஒன்று தளத்தில் நடக்கும். ஒன்று காகிதத்தில் இருக்கும்.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. மில்லில் ஓடும் நூல் எல்லாம் ஒரே நம்பராக இருப்பதுபோல, அங்கே வந்த படங்கள் பலவும் ஒரே சாயலாக இருந்தன. கதைக்காக அவர் அதிகம் அலைவதில்லை. ஓடிய ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொண்டு வேட்டியோ ராஜ உடையோ கட்டிவிடுவார். 1951-ல் வந்த "சர்வாதிகாரி" அப்படி ஓர் ஆங்கிலப் படத்தின் தழுவல்தான். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவலான "திகம்பர சாமியா"ரை 1950-ல் எடுத்தபோது எம்.என்.நம்பியாருக்குப் பல மாறுவேடங்கள் கொடுத்தார். ஜனங்கள் ரசித்தார்கள். கலையின் உச்சம் என்று யாரும் சொல்லவில்லை, சுந்தரமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருடைய கண் தப்பவே இல்லை. எழுதத் தெரிந்தவன் யார் என்று அவருக்குத் தெரிந்தது.

பேனா பிடித்தவர்கள்

கதைக்கென்றே தனி இலாகா வைத்திருந்த ஸ்டூடியோ அது. பாவேந்தர் பாரதிதாசனைச் சேலத்துக்கு அழைத்தார். அவருடைய "எதிர்பாராத முத்தம்" 1950-ல் "பொன்முடி" என்ற படமாயிற்று. 1952-ல் "வளையாபதி" வந்தது. "மாயாவதி" (1949) படத்தில்தான் கவிஞர் மருதகாசி முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாட்டு எழுதினார். பிற்காலத்தில் திரைப்பாட்டில் கொடிகட்டிப் பறந்த கண்ணதாசன் அப்போது இளைஞர். மாடர்ன் தியேட்டர்ஸ் சார்பில் வந்த "சண்டமாருதம்" பத்திரிகையில் வேலை பார்த்தார். அதே வளாகத்தில் சம்பளத்துக்கு வசனம் எழுத வந்த இன்னோர் இளைஞர் மு.கருணாநிதி. இருவரும் நண்பர்களானார்கள்.

கருணாநிதியின் நாடகம் ஒன்று "மந்திரி குமாரி" என்ற படமாக 1950-ல் வந்தது. "குண்டலகேசி"க் காப்பியத்திலிருந்து எடுத்த கதை. எம்.ஜி.ராமச்சந்திரன், எஸ்.ஏ.நடராஜன், மாதுரிதேவி, ஜி.சகுந்தலா நடித்தார்கள். எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் டைரக்ட் செய்தார். அந்த ஆண்டு அவர் தாய்நாடு திரும்பிவிடவே, மிச்சத்தைச் சுந்தரமே முடித்தார்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. கணவன் மனைவியை ஆசையாகப் பேசி மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். அங்கிருந்து அவளைத் தள்ளிவிடுவது அவன் எண்ணம். அவளுக்கு அது தெரிந்துவிடுகிறது. கடைசியாக ஒரு முறை கணவனைச் சுற்றி வந்து வணங்க அனுமதி கேட்கிறாள். சுற்றி வருகிறாள். பின்னால் போனதும் அவனையே தள்ளிவிடுகிறாள்! ஜி.ராமநாதனின் இசையில் மலை ஏறும் பாட்டு இனிமையாகப் போகும். பார்ப்பவர்களுக்கு அடி வயிறு கலங்கும். கொட்டகையில் தாய்மார்கள் கை தட்டினார்கள்.

அந்தப் படத்தோடு வசனத்துக்குத் தனி மவுசு பிறந்தது. வசனகர்த்தாவின் பெயரைப் பார்த்துக் கொட்டகைக்கு வரும் வழக்கம் பலப்பட்டது. 1953-ல் சிவாஜி கணேசன் நடித்த "திரும்பிப்பா"ருக்கும் கருணாநிதிதான் வசனம், சுந்தரம் டைரக்‌ஷன். பின்னாளில் கருணாநிதியும் எம்.ஜி.ஆரும் அடுத்தடுத்துத் தமிழ்நாட்டின் முதலமைச்சர்கள் ஆனார்கள். இருவரும் நேரத்துக்கு ஆஜராகிய இடம் ஏற்காடு ரோடு.

யானைக்குப் போட்ட கம்பளி

1952-ல் சுந்தரம் இன்னொரு துணிச்சல் வேலை செய்தார். ராபர்ட் லிப்பெர்ட் என்ற அமெரிக்கப் பட முதலாளியுடன் கூட்டுச் சேர்ந்து ஆங்கிலப் படம் எடுத்தார். அமெரிக்காவிலிருந்து ராட் காமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய நட்சத்திரங்கள் வந்தார்கள். படத்தின் பெயர் "தி ஜங்கிள்", தமிழில் "காடு".

பல ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அழிந்துபோன ரோமயானைகள் காட்டில் திரும்பத் தோன்றுவதாகக் கதை. ரோமயானைக்கு எங்கே போவது? நம்மூர் யானைகளுக்கே உடம்பு நிறைய ரோமப் போர்வை போட்டு நடக்கவிட்டார்கள்! லீட்ஸ் நகரத்தில் கம்பளித் துணி செய்யும் வித்தையைக் கற்றவர், அதை எங்கே கொண்டு வந்து சேர்த்தார் பாருங்கள்.

வண்ணத்தில் குகை

அதுவரை தமிழ்ப் படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒன்றிரண்டு படங்களில் சில காட்சிகள் மட்டும் வண்ணத்தில் வந்தன. முழுப் படத்தையும் வண்ணத்தில் எடுக்கச் செலவு பயங்கரம். வெளிச்சம் பல மடங்கு வேண்டும். சுவர், திரை, உடை, முகப்பூச்சு எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எந்தச் சாயம் பூசினாலும் சாம்பல் நிறம்தான். வண்ணத்தில் ஒரு முந்தானை நிறம் தவறினாலும் கண்ணை உறுத்தும்.

சாயம் பற்றிப் படித்தவருக்கு அதில் பயம் இல்லை போலும். பெல்ஜியம் நாட்டு கேவாகலர் முறையில் "அலிபாபாவும் 40 திருடர்களும்" படத்தை எடுத்தார். எம்.ஜி.ஆர்., பானுமதி ஜோடி. தங்கவேலு, சாரங்கபாணி, வீரப்பா என்று பெரிய கூட்டம். எஸ்.தட்சிணாமூர்த்தி இசை. 1956-ம் ஆண்டு பொங்கலன்று, ஜனவரி 14-ந் தேதி படம் வந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் அதுதான். மந்திரச் சொல்லுக்குக் குகை திறந்தபோது உள்ளே இருந்த பொன்னும் மணியும் உண்மை நிறத்தில் மின்னின. கிராமத்திலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்து பார்த்தார்கள்.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கடைசிக் காட்சிகள் பாக்கி. எம்.ஜி.ஆர். வருவதாகச் சொன்ன தேதியில் வரவில்லை. சுந்தரம் காத்திருக்கவில்லை. அதே உயரமும் உடற்கட்டும் உள்ள ஒருவருக்கு அலிபாபா உடையை மாட்டி, முகம் தெரியாதபடி காமிராவை வைத்து வேலையை முடித்துவிட்டாராம். நட்சத்திரம் வந்தபோது வேலை மிச்சமில்லையாம். எவ்வளவு தூரம் உண்மையோ. ஆனால் இந்தக் கதையை வேறு எந்த முதலாளியின் பெயரில் சொன்னாலும் ஜனங்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒட்டுப்போட்ட கோட்டு

1961-ல் சுந்தரம் மறுபடியும் மலையாளத்துக்குப் போனார். முதல் பேசும் படத்தைக் கொடுத்தவரே, முதல் வண்ணப் படத்தையும் கொடுத்தார். தாமே டைரக்ட் செய்த அந்தப் படத்தின் பெயர் "கண்டம் பெச்ச கோட்டு". ஒட்டுப்போட்ட கோட்டு என்று அர்த்தம்.

கதை ஒரு கிழவரைப் பற்றியது. செருப்புத் தைத்துப் பிழைக்கும் முஸ்லிம் பெரியவர். மெக்காவுக்கு ஹஜ் யாத்திரை போக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. காலணா, அரையணாவாகச் சேர்த்த பணத்தைத் தம் பழைய கோட்டில் வைத்து ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொள்கிறார். கோட்டு கனக்கிறது. மெக்கா நெருங்குகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் உள்ள ஓர் ஏழைப் பெண்ணின் கல்யாணம் பணம் இல்லாமல் நிற்கிறது. பெரியவர் கோட்டைப் பிரித்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அவர் மெக்கா போகவில்லை.

முகம்மது யூசுப் எழுதிய நாடகம் அது. டி.எஸ்.முத்தையா அந்தப் பெரியவராக நடித்தார். முதல் வண்ணப் படம் என்றால் ராஜா ராணி, அரண்மனை, பூந்தோட்டம் என்று எடுப்பதுதான் வழக்கம். அலிபாபாவில் அவரும் அப்படித்தான் செய்தார். இந்த முறை நிறம் கொடுக்கத் தேர்ந்தெடுத்தது ஓர் ஏழையின் கந்தல் கோட்டு. சுந்தரம் எடுத்த படங்களிலேயே இதயம் அதிகம் உள்ளது இதுதான் என்று சொன்னால் தப்பில்லை.

56 வயதில்

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என்று பல மொழிகளில் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுத்தது. தென்னிந்திய பிலிம் வர்த்தக சபைக்குச் சுந்தரம் தலைவராகவும் இருந்தார். "வண்ணக்கிளி" (1959), "குமுதம்" (1961) என்று மற்ற டைரக்டர்கள் எடுத்த படங்களும் வெற்றி பெற்றன. 1963-ல் வந்த "கொஞ்சும் குமரி"யில், அதுவரை நகைச்சுவை வேடங்களில் வந்த மனோரமாவைக் கதாநாயகி ஆக்கினார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி சுந்தரம் காலமானார். வயது 56.

மகன் ராமசுந்தரம் பொறுப்பை ஏற்றார். ஜெய்சங்கரை வைத்து "வல்லவன் ஒருவன்" (1966) போன்ற துப்பறியும் படங்களை எடுத்தார். அவையும் ஓடின. ஆனால் காலம் மாறிவிட்டது. நடிகர்கள் சென்னையிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். டைரக்டர்கள், வசனகர்த்தாக்கள், லாபரட்டரிகள், பைனான்ஸ் கொடுப்பவர்கள் எல்லோரும் அங்கே. மாதச் சம்பளத்துக்குச் சேலம் வந்து உட்கார யாரும் தயாராக இல்லை. மெல்ல மெல்லத் தளங்களில் விளக்கு அணைந்தது. ஸ்டூடியோ மூடப்பட்டு நிலம் கைமாறியது. அங்கே வீடுகள் எழுந்தன.

"பாலன்" படத்தின் பிரதி இப்போது கிடையாது. "அலிபாபா" மட்டும் இன்னும் டெலிவிஷனில் ஓடுகிறது. குழந்தைகள் குகை திறப்பதைப் பார்க்கிறார்கள்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் ஏறினால், மலை தொடங்குவதற்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பழைய நுழைவு வளைவு தெரியும். அதன் மேல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதியிருக்கும். ஒரு காலத்தில் அந்த வாசலுக்குள் ஒரு நிமிஷம் தாமதமாக நுழைய எல்லோரும் பயந்தார்கள்.